நீலகிரியில் கலை, பாரம்பரியம், பழைய இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியில் பார்க்கப் பழைய இடங்கள் என்றால் வெள்ளைக்காரர் கட்டியவை மட்டும்தானா?

ஊட்டி நகருக்குள் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தேவாலயம், நூலகம், கல் பங்களா, பூங்கா எல்லாமே 1820-களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. மலையின் வரலாறு அதைவிட நீளமானது. கர்நாடகத்தின் சாமராஜநகரில் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாக அது சொல்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியர் சல்லிவன் மலையேறி வருவதற்கு எழுநூறு ஆண்டுகள் முன்னால்! அதற்கும் முந்தைய ஈமக்கல் வட்டங்கள், பாறை ஓவியங்கள் எல்லாம் கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில் இருக்கின்றன.

அதனால் பயணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நகரத்துக் கட்டடங்களுக்கு ஒரு நாள் போதும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் வாழும் ஊர்ப்புறத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, மூன்று நாளும் படகு இல்லத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே போக்குவரத்து நெரிசலில் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எங்கே தங்குவது?

பாரம்பரியம்தான் நோக்கம் என்றால் கோத்தகிரி அல்லது குன்னூர். கூட்டம் குறைவு, குளிரும் சற்றுக் குறைவு. கண்ணேரிமுக்கு, கீழ்க்கோத்தகிரி, குறும்பர் ஊர்கள் எல்லாம் கோத்தகிரியிலிருந்து கிட்டத்தில். ஊட்டிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே வேண்டாம். மலர்க் கண்காட்சி பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் மட்டும் மே. தென்மேற்குப் பருவமழை ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் அடித்துப் பெய்யும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண்சரிவைக் கொண்டுவரும். மலை ரயில் நிற்பதும் இந்த மாதங்களில்தான். செப்டம்பரும், டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையும் வசதி. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும், காலையில் கையுறை இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் பழங்குடியினர் திருவிழாக்களும் படுகர் திருவிழாவும் பெரும்பாலும் அந்தக் குளிரில்தான் வருகின்றன.

இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். இணையத்தில் பெயர், வாகன எண், வரும் நாள், தங்கும் இடம் கொடுத்தால் கிடைக்கும், கட்டணம் இல்லை. நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. கோடை மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைக்கிறார்கள், ஆகவே சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு விண்ணப்பிக்காமல் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். மாவட்டம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கடையில் வாங்கிய சிறிய தண்ணீர் பாட்டிலும் அதில் அடங்கும், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

மலை ரயிலில் இடம் பிடிப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை முழுத் தூரம் போகும் வண்டி அன்றாடம் காலை 7.10-க்குக் கிளம்பும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பி வரும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு இது இணைப்பு வண்டி. ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும். ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இறங்க மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

முன்பதிவு ரயில்வே இணையதளத்தில் 60 நாளுக்கு முன் திறக்கும். பெட்டிகள் சில மட்டுமே, ஆகவே விடுமுறை நாள் இடங்கள் திறந்த காலையிலேயே தீர்ந்துவிடும். காத்திருப்போர் பட்டியலை நம்பி அறை பதிவு செய்யாதீர்கள். இந்த வண்டியில் கூடுதல் பெட்டி சேர்ப்பது கிடையாது, பட்டியல் நகர்வதும் அபூர்வம்.

கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஏறுவதைவிட இறங்கும் வண்டியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு சற்று அதிகம். அதுவும் இல்லையென்றால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே பகலில் சில முறை ஓடும் வண்டியில் ஏறுங்கள். நிலையச் சாளரத்திலேயே சீட்டு வாங்கலாம். கேத்திப் பள்ளத்தாக்கும் லவ்டேலும் இந்தப் பாதியில்தான் வரும். ஆனால் ஒன்று: இங்கே இழுப்பது டீசல் இன்ஜின். நீராவியும் பல்சக்கரமும் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம்–குன்னூர்ப் பகுதியில் போக வேண்டும்.

முழுத் தூரமும் போகிறவர்கள் முதல் வகுப்புக் கிடைத்தால் எடுங்கள். மலையேறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும், முன்பெட்டியில் இருப்பவருக்கு எதிரே தண்டவாளமும் காடும் மட்டுமே தெரியும்.

இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது?

பாதுகாப்புக்கு. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்துக்கு உருளாமல் கீழே இன்ஜின் தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காளர் தனியாக நிற்பார். கொடி காட்டுவதும் கைப்பிரேக்கைத் திருகுவதும் அவர் வேலை. வேடிக்கை பார்க்க வைத்த அலங்காரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் இல்லாமல் வண்டி நகராது.

கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டருக்கு இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டை ஓடுகிறது. இது சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று அரைப் பல் தள்ளி இருக்கும், அதனால் எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடித்திருக்கும். செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரம். வழுக்கும் தண்டவாளத்தில் சாதாரணச் சக்கரம் இதை ஏறாது. 'எக்ஸ்' வகை இன்ஜினில் நான்கு உருளைகள் உண்டு: இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. சமதளத்தில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல் பட்டையில் ஏறியதும் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும், அப்போது இன்ஜினின் மூச்சு மாறுவது காதுக்கே தெரியும். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில் நிற்பார்கள், இறங்கிப் படம் எடுக்க அது நல்ல நேரம்; ஊதல் கேட்டதும் ஏறிவிடுங்கள்.

மலை ரயில் பாதை 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகைப் பாதை. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

சல்லிவன் பங்களா எது? கோத்தகிரியிலும் சொல்கிறார்கள், ஊட்டியிலும் சொல்கிறார்கள்.

இரண்டும் சரி. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் முதலில் வந்து தங்கியது கோத்தகிரியை ஒட்டிய கண்ணேரிமுக்கில். அந்த வீடு இடிந்து கிடந்து பின்னர் புதுப்பிக்கப்பட்டது. கோத்தகிரிப் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவே. இப்போது சல்லிவன் நினைவகமும் நீலகிரி ஆவண மையமும் அங்கே இருக்கின்றன. பழைய ஒளிப்படங்கள், வரைபடங்கள், மலைமக்கள் பற்றிய தகவல்கள் எல்லாம் சிறு அறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீலகிரிப் பயணத்தை இங்கிருந்து தொடங்கினால் பிறகு பார்ப்பதெல்லாம் புரியும்.

ஊட்டியில் இருப்பது கல் பங்களா. 1822-இல் கட்டத் தொடங்கியது, ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. வேலை நாளில் வாயிலில் கேட்டுவிட்டு வெளியிலிருந்து பார்க்கலாம், தேர்வுக் காலத்தில் விடமாட்டார்கள். ஊட்டி ஏரியும் சல்லிவன் வெட்டுவித்ததுதான்; பாசனத்துக்காகத் தொடங்கியது, இன்று படகுக்காகவே அறியப்படுகிறது.

புனித ஸ்டீபன் தேவாலயத்தில் என்ன விசேஷம்?

மேலே பாருங்கள், உத்திரங்களைத்தான். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்த தேக்கு மரங்கள் மலையேற்றிக் கொண்டுவரப்பட்டு இந்தக் கூரையைத் தாங்குகின்றன. அடிக்கல் 1829 ஏப்ரல் 23, அப்போதைய சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் நாட்டினார். மக்கள் வழிபாட்டுக்குத் திறந்தது 1831 ஈஸ்டர் அன்று. பின்புறம் சரிவில் ஏறும் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகி இருக்கிறார்கள். மழைக்குப் பிறகு அந்தப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள்.

அருகே உள்ள நீலகிரி நூலகத்தையும் பார்த்துவிடலாம். சென்னையில் பல அரசுக் கட்டடங்களை வடிவமைத்த ராபர்ட் சிசோம் வரைந்த கட்டடம் அது. உறுப்பினருக்கானது, ஆகவே முகப்போடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

தோடர் மந்துக்குப் போகலாமா?

முதலில், மந்து என்பது காட்சிச்சாலை அல்ல, குடியிருப்பு. சில குடும்பங்கள், ஓர் எருமைத் தொழுவம், ஒரு கோயில். தாவரவியல் பூங்காவின் மேல் எல்லையை ஒட்டி ஒரு மந்து இருக்கிறது. பூங்காவுக்கு வரும் கூட்டமெல்லாம் அங்கே போய் வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிறது. அங்கே போவதாக இருந்தால் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய தோடர் வீடு அரைப் பீப்பாய் வடிவம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்வார்கள். சுமார் 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். வாசல் மட்டும் மூன்றடிதான், தவழ்ந்துதான் போக வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராமல் இருக்கத்தான் இந்தச் சின்ன வாசல். இன்று பெரும்பாலான குடும்பங்கள் ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் இருக்கின்றன. புல் வீடு வேய்வதற்கான குறிப்பிட்ட புல்வகைகள் ஈர நிலத்தில் வளர்பவை. சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் நட்டு அந்தச் சோலைப் புல்வெளிகள் சுருங்கியதும் கூரைப் பொருளும் அரிதாகிவிட்டது.

கூம்பு வடிவக் கோயில் பார்க்க வேண்டுமானால் தலைகுந்தா பக்கம் முத்தநாடு மந்து. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தோடர் அல்லாதவர் கோயிலுக்குள் போகக் கூடாது. தோடர் பெண்களுக்கே அனுமதி இல்லை. ஆண்டு தொடக்கத்தை ஒட்டி ஆண்கள் கூடும் விழா இங்கே நடக்கிறது, இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றுவார்கள். தேதியை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

தோடர் பூத்தையல் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், ஏமாறுவதும் இங்கேதான் அதிகம்.

அசல் துணி பழுப்பு கலந்த வெள்ளைப் பருத்தி, சற்று முரடாக இருக்கும். பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு நூலால் தைப்பார்கள். வரைபடம் இல்லை, சட்டம் இல்லை, பென்சில் கோடும் இல்லை. துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணி ஊசி போகும், அதனால்தான் கோலங்கள் எல்லாம் நேர்கோடும் முக்கோணமும் வைரமுமாக அமைகின்றன. தைப்பது பின்பக்கத்திலிருந்து. ஊசி திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சின்னச் சுருளாக விடுவார்கள். அந்தப் புடைப்புள்ள பக்கமே போர்த்தும்போது வெளியே வரும்.

கடையில் செய்ய வேண்டியவை: விரலால் தடவுங்கள். மேடு பள்ளமாகப் படும், தறியில் நெய்த துணி போலத் தெரிந்தாலும் நூல் மேலே எழும்பி நிற்கும். திருப்பிப் பாருங்கள். அசலில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கோலம். இயந்திரத் தையலில் பின்பக்கம் மெல்லிய வெள்ளை நூலும் சில சமயம் ஒட்டுத்தாளும் இருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் மங்கல். கடைசியாக, வரிசைகளை ஒப்பிடுங்கள்: கை எண்ணிக்கையில் எங்காவது ஓர் இழை கூடும், குறையும். ஓர் இழைகூடப் பிசகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெரிய போர்வை பூத்துக்குளி. முழுதாகத் தைத்து முடிக்க மாதக்கணக்கு ஆகும், வீட்டு வேலைக்கு நடுவே செய்வதால். அதை ஐந்நூறு ரூபாய்க்கு யாராவது நீட்டினால் அசலாக இருக்க வழியில்லை. சிறு பணப்பை, மேசை விரிப்பு, தோள்துண்டு என்று சிறியவை வாங்கலாம். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையத்திலும், கோத்தகிரியில் கீஸ்டோன் என்னும் தொண்டு அமைப்போடு தொடர்புள்ள கடைகளிலும், நேரே தோடர் பெண்களிடமும் வாங்குவது பாதுகாப்பு. பேரம் பேசாதீர்கள். துவைக்கும்போது குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். சிவப்பு முதல் இரண்டு முறை கொஞ்சம் விடும், மற்ற துணியோடு ஊறவைக்க வேண்டாம்.

கோத்தர் ஊர்களில் என்ன பார்க்கலாம்?

மண்பாண்டம், கொல்லு வேலை, இசை. மலையின் கைவினைஞர்கள் இவர்கள்தான்; தோடருக்கும் படுகருக்கும் கருவியும் பானையும் செய்து கொடுத்தவர்கள். ஏழு ஊர்களில் வாழ்கிறார்கள். பானை வனைவது பெண்கள், உலை ஊதுவது ஆண்கள். எல்லா ஊரிலும் எப்போதும் வேலை நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். அவர்களின் கொள் என்னும் ஊதுகருவியும் தோல் கருவிகளும் டிசம்பர்–ஜனவரி அய்யனோர் அம்மனோர் விழாவில் முழு வீச்சில் ஒலிக்கும். கோயில் வளாகத்துக்குள் செருப்போடு நுழைந்தவர்களை அவர்கள் திருப்பி அனுப்புவதுண்டு, அதில் தவறும் இல்லை.

பாறை ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் தன்னிச்சையாகப் போக முடியாது. முக்கிய இடம் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் இருளர் ஊரான கரிக்கையூருக்கு அப்பால் உள்ள பொறிவரை. விலங்குகள், மனிதர், வேட்டை என ஏராளமான உருவங்கள் ஒரு நீண்ட பாறை முகத்தில் இருக்கின்றன. காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். 2024-இல் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் கரிக்கையூர்–பொறிவரை ஒரு பாதையாக இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். காட்டுத்தீக் காலமான கோடையின் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள்.

அனுமதியில்லாமல் உள்ளே போனவர்களால்தான் அங்கே சேதம். பெயர் கீறியிருக்கிறார்கள், பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சிலர் படம் பளிச்சென்று வர வேண்டும் என்று பாறையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நனைந்து உலரும்போது பாறையின் உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும், நிறம் அதோடு உதிரும். தொடக்கூடாது, நனைக்கக்கூடாது, கேமராவின் பளீர் ஒளியும் (ஃபிளாஷ்) வேண்டாம். காலைச் சாய்வு வெயிலில் கைப்பேசியே போதும்.

குறும்பர் ஓவியம் இதன் தொடர்ச்சியா?

குறும்பர் அப்படித்தான் சொல்கிறார்கள். கோத்தகிரிக்கு அருகே வெள்ளரிக்கொம்பையை ஒட்டிய எழுத்துப்பாறையைத் தங்கள் முன்னோர் வரைந்ததாகக் கருதுகிறார்கள். முன்பு சடங்கின்போது வீட்டுச் சுவரில் வரைந்தது, இப்போது தாளுக்கும் துணிக்கும் வந்திருக்கிறது. தேன் எடுப்பது, கொடியேணி, தினை விதைப்பு, ஆட்டம் என வாழ்க்கைதான் பொருள். செம்பழுப்புக்கு வேங்கை மரப் பிசின், பச்சைக்கு இலைச்சாறு, கறுப்புக்கு மரப்பட்டை. அசல் நிறங்கள் மண்ணும் பழுப்புமாக அடங்கியே இருக்கும். ரோஜா நிறமும் நீலமும் பளபளத்தால் அது கடை வண்ணம். வேங்கைப் பிசின் ஓவியத்தை நேர் வெயில் படாத சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுங்கள்.

படுகர் திருவிழா பார்க்க வெளியூர்க்காரருக்கு இடம் உண்டா?

உண்டு. மார்கழி, தை ஒட்டி வரும் ஹெத்தையம்மன் விழா, கோத்தகிரிக்கு அருகே பேரகணியில் பெரிதாக நடக்கும். பல ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) வெள்ளை உடையில் நடந்தே வருவார்கள். நீங்களும் அடக்கமான உடையில், முடிந்தால் வெள்ளையில் போங்கள். அன்று சாலையில் வண்டி நகராது, தூரத்தில் நிறுத்திவிட்டு நடப்பது மேல்.

அருங்காட்சியகம்?

முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம். ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தமிழகப் பழங்குடியினரின் கருவிகள், அணிகலன்கள், திறந்தவெளியில் மாதிரி வீடுகள். அரசு அலுவலக நாளில் போங்கள்.

ஈமக்குழிகளில் கிடைத்த பொருள்களை மலையில் தேடினால் ஏமாற்றம். நீலகிரியின் முதல் ஆணையர் ஜேம்ஸ் பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எருமையும் குதிரையும் மனிதரும் அமர்ந்த மூடியுள்ள உயரமான மண்சாடிகள் அவை.  சென்னைவாசிகள் மலையேறும் முன் இவற்றைப் பார்த்துவிடலாம்.

கோட்டை ஏதாவது உண்டா?

குன்னூருக்கு அருகே பக்காசூரன் மலைக்கோட்டை. திப்பு சுல்தான் காவல் அரணாகப் பயன்படுத்தியது. தேயிலைத் தோட்டம் வரை வண்டி, பிறகு காட்டுப் பாதையில் நடை. மேலே மிஞ்சியிருப்பது ஒரு துண்டுச் சுவர் மட்டும். கோட்டை பார்க்கப் போகிறவர் ஏமாறுவார், கீழே சமவெளி விரிவதைப் பார்க்கப் போகிறவர் ஏமாறமாட்டார். காட்டெருமையும் யானையும் நடமாடும் இடம். உள்ளூர் வழிகாட்டியும் வனத்துறை ஒப்புதலும் இல்லாமல் வேண்டாம், பிற்பகல் மூன்றுக்குள் இறங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு மூடுபனியில் பாதை தெரியாது.

ஒரே நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மேட்டுப்பாளையத்திலிருந்து விடியற்காலையில் கோத்தகிரிச் சாலையில் ஏறுங்கள், 33 கிலோமீட்டர். கண்ணேரிமுக்கு நினைவகம் திறந்ததும் முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, கோத்தகிரியிலேயே பூத்தையலும் குறும்பர் ஓவியமும் வாங்கிக்கொண்டு ஊட்டி. ஸ்டீபன் தேவாலயம், நேரம் இருந்தால் கல் பங்களா. மதியச் சாப்பாட்டை பன்னிரண்டரைக்குள் முடித்துவிட்டு, முன்பதிவு இருந்தால் 2 மணி ரயிலில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடலாம். சொந்த வண்டியில் வந்தால் ஓட்டுநரைச் சாலை வழியாகக் கீழே அனுப்பிவிடுங்கள், ரயிலுக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்திருப்பார். விட வேண்டியது படகு இல்லம்.